‘வீனஸ்’ தவிர ஷாக்கிங் ப்ளூ விட்டுச் சென்றது என்ன?

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2024

ஷாக்கிங் ப்ளூ ஒரே ஒரு பாட்டால் பிழைத்த குழு. ‘வீனஸ்’ இல்லையென்றால் அந்தப் பெயரே யாருக்கும் தெரிந்திருக்காது. அமெரிக்க ராக் குழு நிர்வாணா எடுத்துப் பாடியதால் இன்னொரு பாட்டு தப்பியது. இதைப் போய் ‘நீடித்த தாக்கம்’ என்று இங்கே சிலர் எழுதுவது மிகையாகத் தெரிகிறது. மறுப்பவர்கள் சான்றோடு மறுக்கலாம்.

3 பிப்ரவரி, இரவு 10.40

நான் மறுக்கிறேன். நெதர்லாந்தின் ஹேக் நகரில், ‘தி மோஷன்ஸ்’ குழுவிலிருந்து விலகிய கித்தார் கலைஞர் ராபி வான் லேவன் 1967இல் தொடங்கிய குழு இது, 1974இல் கலைந்துவிட்டது. ஏழாண்டுகளே இருந்த ஒரு குழுவின் பாடல்களைப் பற்றி ஐம்பது ஆண்டுகள் கழித்து நாம் சண்டை போட்டுக்கொண்டிருப்பதே முதல் சான்று. மேலும் மூன்று சொல்கிறேன். ‘வீனஸ்’ சொந்த நாட்டிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. ‘லவ் பஸ்’ பாடலை நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் தேடிக் கண்டெடுத்து அக்குழுவின் முதல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, வெளியிட்டார். சிதாரைக் கையில் எடுத்து இந்திய இசையை டச்சு ராக்கிற்குள் வான் லேவன் கொண்டுவந்தார்.

4 பிப்ரவரி, காலை 7.15

இரவில் எழுதியதைக் காலையில் படித்துப் பார்த்தேன். மூன்று சான்றுகளில் முதல் இரண்டும் பிழை.

‘வீனஸ்’ நெதர்லாந்துப் பட்டியலில் மூன்றாம் இடத்தைத் தாண்டவில்லை. அமெரிக்காவில் முதலிடம் பெற்ற முதல் டச்சுக் குழு என்ற பெயரை அவர்களுக்கு வாங்கித் தந்த பாட்டுக்குச் சொந்த ஊரில் மூன்றாம் இடம்தான். அங்கே முதலிடம் பிடித்தவை அதன் பின் வந்த ‘மைட்டி ஜோ’வும் ‘நெவர் மேரி எ ரெயில்ரோட் மேன்’ பாடலும். கேள்வி கேட்டவரின் ‘ஒரே பாட்டு’ வாதம் டச்சுக்காரர்களிடம் செல்லாது என்பதை இந்தப் பிழையைத் திருத்தும்போதுதான் கவனித்தேன். என் பிழையே எனக்குச் சாட்சி சொல்கிறது.

இரண்டாவது, ‘லவ் பஸ்’ பாடலை நிர்வாணாவுக்குள் கொண்டுவந்தவர் கோபேன் அல்லர். பேஸ் கித்தார் வாசித்த கிறிஸ்ட் நோவோசெலிச். அவரிடம்தான் அந்தத் தட்டு இருந்தது. இது சிறு திருத்தம் அன்று. இதைப் பற்றி இரவு தனியாக எழுதுகிறேன்.

4 பிப்ரவரி, இரவு 11.20

‘லவ் பஸ்’ பாட்டைக் கண்டுபிடித்தவர் பேஸ் வாசிப்பவர் என்பதில் எனக்கு வியப்பே இல்லை. ஏனென்றால் நானும் பேஸ் கித்தாரில் முதன்முதலில் முழுதாக வாசிக்கக் கற்றுக்கொண்ட பாட்டு அதுதான்.

கல்லூரி விடுதியில், கழுத்து லேசாக வளைந்துபோன ஒரு பழைய பேஸ் கித்தாரை மூன்று பேர் பங்கு போட்டு வாங்கியிருந்தோம். விற்றவர் அந்த வளைவைச் சொல்லவில்லை. வாங்கிய எங்களுக்கும் பார்த்து வாங்கத் தெரியவில்லை. மேல் கட்டைகளில் சுருதி நிற்காது என்பதால் கீழ்க்கட்டைகளுக்குள் அடங்கும் பாட்டாகத் தேடினோம். நிர்வாணாவின் ‘ப்ளீச்’ கேசட்டில் ‘லவ் பஸ்’ கிடைத்தது. பாடலின் தொடக்கத்தில் பேஸ் தனியாக ஒரு சுற்றை வாசிக்கும். பாம்பு நெளிவது போன்ற, மேற்கத்திய மேஜர் மைனருக்குள் முழுதாக உட்காராத ஒரு சுற்று. அதன்மேல் டிரம்மும் கித்தாரும் வந்து ஏறிக்கொள்ளும்; பேஸ் தன் பாட்டுக்கு அதையே வாசித்துக்கொண்டிருக்கும். விரல்களுக்குப் பெரிய வேலை இல்லை. பொறுமைக்குத்தான் வேலை. என் கை ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் அவசரப்பட்டு அடுத்த சுற்றை அரை மாத்திரை முன்னாலேயே தொடங்கிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த நண்பன் ஒவ்வொரு முறையும் என் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டுவான். அந்தத் தட்டு நின்றுபோக இரண்டு வாரம் ஆனது. நடுவிரல் நுனியில் கொப்புளம் வந்து, உடைந்து, தோல் தடித்துவிட்டது.

அப்போது அது நிர்வாணா பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கேசட்டின் உள்தாளில் பாடலாசிரியர் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. யார் படித்தார்கள்?

அந்தப் பேஸ் சுற்றுக்குள் பாட்டு முழுவதும் அடங்கிவிடுகிறது. கித்தார் வாசிப்பவரின் சாமர்த்தியம் தேவையில்லை, பெரிய குரல் தேவையில்லை, ஒலிப்பதிவுக்கூடத்தின் தந்திரம் தேவையில்லை. 1988இல் சியாட்டிலில் ஜாக் எண்டினோவின் ஒலிப்பதிவில் மூன்று இளைஞர்கள் அதை எடுத்துக்கொள்ள முடிந்ததும், அதே சுற்றை எங்கள் விடுதி அறையில் நாங்கள் எடுத்துக்கொள்ள முடிந்ததும் ஒரே காரணத்தால்தான். ஷாக்கிங் ப்ளூவின் தாக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்: பிறர் கை உடனே எடுத்துக்கொள்ளும்படி அவர்கள் பாட்டைச் செய்தார்கள்.

5 பிப்ரவரி, காலை 9.05

தம்பி ஒருவர் ‘நிர்வாணாவின் முதல் சிங்கிள் என்றால் எத்தனை தட்டு விற்றிருக்கும்?’ என்று கேட்கிறார். சப் பாப் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1988 நவம்பரில் கையால் எண் எழுதி வெளியிட்டது 1000 தட்டுகள். அது தன் ‘சிங்கிள்ஸ் கிளப்’ என்ற சந்தாத் திட்டத்துக்காக முதலில் அச்சிட்ட தட்டும் அதுதான். பாட்டு பரவியது அதனால் அன்று, 606.17 டாலர் செலவில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த ‘ப்ளீச்’ தொகுப்பால். அதிலும் ஒரு கூத்து உண்டு. அத்தொகுப்பின் முதல் பிரிட்டிஷ் பதிப்பில் ‘லவ் பஸ்’ இல்லை. அந்த இடத்தில் ‘பிக் சீஸ்’ என்ற வேறு பாட்டு இருந்தது.

7 பிப்ரவரி, மாலை 6.30

இன்று தேதியைக் கவனித்தீர்களா? 1970இல் இதே பிப்ரவரி 7ஆம் நாளிட்ட அமெரிக்கப் பட்டியலில்தான் ‘வீனஸ்’ முதலிடத்துக்கு வந்தது. கொண்டாடிவிட்டு என் மூன்றாவது சான்றுக்கு வருகிறேன், அதுவும் அரைப் பிழை என்பதால்.

1969இல் வந்த ‘அட் ஹோம்’ தொகுப்பில் வான் லேவன் சிதார் வாசித்திருக்கிறார் என்பது உண்மை. அதில் ‘ஆக்கா ராகா’ என்றொரு கருவியிசை இருக்கிறது. வேலை நிமித்தமாக ஹேக் நகரில் இரண்டாண்டு இருந்தபோது, லாங்கே ஃபோர்ஹவுட் சாலையோரம் மரங்களுக்கடியில் கோடையில் கூடும் பழம்பொருள் சந்தையில் அந்த எல்.பி.யை வாங்கினேன். விற்ற பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘நிர்வாணா கேட்டு வந்தவரா?’ என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், ‘சிதாருக்காக’ என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன். அறைக்கு வந்து தட்டைப் போட்டு, ‘பார், ஹேக் நகரத்து ஆள் ராகம் செய்திருக்கிறான்’ என்று மனைவியிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

அந்த ராகம் அவர் செய்ததன்று. ‘ஆக்கா ராகா’ ஜான் மேயரின் படைப்பு. கல்கத்தாவில் பிறந்து வயலின் பயின்று லண்டன் இசைக் கல்லூரிக்குச் சென்றவர் மேயர். ஜமைக்காவில் பிறந்த சாக்ஸஃபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டுடன் சேர்ந்து 1960களின் நடுவில் இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்து இசைக்குழு நடத்தியவர். பி.பி.சி. தொலைக்காட்சியில் ‘ஆஸ்க் தி ஃபேமிலி’ என்ற வினாவிடை நிகழ்ச்சியின் தொடக்க இசையாக அந்த ‘ஆக்கா ராகா’ பிரிட்டிஷ் வீடுகளுக்குள் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆக, கல்கத்தாக்காரர் லண்டனில் செய்ததை ஹேக் நகரத்துக்காரர் எடுத்து வாசித்தார். அதை அங்கே காசு கொடுத்து வாங்கி, டச்சுக்காரன் இந்தியாவைக் கண்டுபிடித்துவிட்டான் என்று மகிழ்ந்தவன் நான்.

எனவே ‘இந்திய இசையைக் கொண்டுவந்தார்’ என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அவர் சிதாரின் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். 1966, 67க்குப் பிறகு சைக்கடெலிக் குழுக்கள் பல செய்ததுதான் அது. ஆனால் ‘லவ் பஸ்’ பாட்டில் அந்த நிறம் ஒட்டவைத்ததாகத் தெரியவில்லை. அங்கே பேஸ் சுற்றும் சிதாரும் ஒரே மூச்சில் நினைத்தவை போல் ஒலிக்கின்றன.

8 பிப்ரவரி, காலை 8.00

சோவியத் இளைஞர்களுக்கு ‘வீனஸ்’ பாட்டின் பெயர் என்ன தெரியுமா? ‘ஷிஸ்கரா’. பல்லவியில் வரும் ‘ஷீஸ் காட் இட்’ அவர்கள் காதில் அப்படித்தான் விழுந்தது. இந்தி தெரியாமல் இந்திப் பாட்டை முழுதாகப் பாடிய தலைமுறையைச் சேர்ந்த நம்மவர்கள் யாரும் இதற்குச் சிரிக்கத் தகுதி உடையவர்கள் அல்லர்.

8 பிப்ரவரி, பிற்பகல் 1.10

இதற்குத் துணையாக இன்னொன்று. வான் லேவன் வரிகளை எழுதிக் கொடுத்த தாளில் ‘காடஸ்’ (பெண் தெய்வம்) என்ற சொல் ‘காட்னஸ்’ என்று பிழையாக இருந்ததாகவும், பாடகி மரிஸ்கா வெரெஸ் அதை அப்படியே பாடியதாகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. முதல் வரியைக் கூர்ந்து கேளுங்கள்; அந்த ‘ன’ இருக்கிறது. உலகம் முழுக்க முதலிடம் தேடிய பாட்டு எழுத்துப்பிழையோடுதான் புறப்பட்டது.

11 பிப்ரவரி, இரவு 9.45

‘வீனஸ் திருட்டுப் பாட்டு’ என்று ஒரு வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார். ஐயா, நீங்கள் சொல்வதில் பாதிக்குமேல் உண்மை என்பதால்தான் பதில் எழுத மூன்று நாளாயிற்று.

ஸ்டீஃபன் ஃபாஸ்டர் 1848இல் வெளியிட்ட ‘ஓ! சூசன்னா’ என்ற பழைய அமெரிக்கப் பாட்டின் வரிகளை வைத்துக்கொண்டு, மெட்டை முற்றாக மாற்றி, டிம் ரோஸ் அமைத்த பாடல் ‘தி பாஞ்சோ சாங்’. ‘தி பிக் த்ரீ’ என்ற மூவர் குழு 1963இல் அதைப் பாடியது. அம்மூவரில் ஒருவர், பின்னாளில் ‘மாமாஸ் அண்ட் பாப்பாஸ்’ குழுவால் புகழ்பெற்ற காஸ் எலியட். அதைக் கேட்டால் ‘வீனஸ்’ காதில் விழும். சாயல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, மெட்டு அதுதான். கூடவே, ‘வீனஸ்’ தொடக்கத்தில் கித்தார் தனியாக வெட்டி வெட்டி வாசிக்கும் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்), அதே 1969 மார்ச்சில் வந்த ‘தி ஹூ’ குழுவின் ‘பின்பால் விசார்ட்’ பாடலை நினைவூட்டும். ‘வீனஸ்’ அதற்குச் சில மாதம் பிந்தியது.

இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகு, ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்கிறேன். கித்தாரை எடுத்து பி செவன் சஸ் ஃபோர் கார்டைப் பிடித்து, தொடக்கத்தை வாசியுங்கள். பிறகு ஈ மைனருக்கும் ஏவுக்கும் மாறி மாறிப் போங்கள். ‘பாஞ்சோ சாங்’ இந்த மெட்டை நாட்டுப்புறப் பாட்டாக, மூன்று குரல்களும் சேர்ந்து உரக்கப் பாடுகிறது. ‘வீனஸ்’ அதை எடுத்து, நடுவில் இடம் விட்டு, கீழே பேஸை நடக்கவிட்டு, மேலே மின்பியானோவைத் தெளித்து, அந்தக் காலி இடத்தில் ஒற்றைப் பெண் குரலை நிறுத்துகிறது. நடனமாட வருகிறவருக்கு அந்த இடைவெளிதான் பாட்டு. பின்னால் வந்தவர்கள் யாரும் ‘பாஞ்சோ சாங்’ பாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. எல்லாரும் ‘வீனஸ்’ செய்த இடத்திலிருந்தே தொடங்கினார்கள்.

நன்றிக்கடனைப் பாடலின் பெயருக்குக் கீழே வான் லேவன் எழுதியிருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

12 பிப்ரவரி, காலை 7.50

மேற்சொன்ன சோதனையை நான் நேற்றிரவு பதினொரு மணிக்குச் செய்து பார்த்தேன். கீழ்வீட்டு அம்மா காலையில், ‘தம்பி, அந்த முதல் டிங்கு டிங்கு மட்டும் இருபது தடவை வந்துச்சு, பாட்டு எப்ப வரும்?’ என்று கேட்டார்.

15 பிப்ரவரி, இரவு 10.15

‘எல்லாரும் அங்கிருந்தே தொடங்கினார்கள்’ என்றேன். யார் யார் என்று கேட்கிறார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

1979, 80 வாக்கில், பல பழைய பாடல்களைத் துண்டு துண்டாக வெட்டி டிஸ்கோ தாளத்தில் ஒட்டிய ஒரு கள்ளத் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது. அதை ஒரு தட்டுக்கடையில் கேட்ட வில்லெம் வான் கோட்டன் திடுக்கிட்டார். அதில் ‘வீனஸ்’ துண்டு இருந்தது. ‘வீனஸ்’ உரிமை அவரிடம் இருந்தது. அனுமதி கொடுத்த நினைவு அவருக்கு இல்லை. நம் ஊராக இருந்தால் வக்கீலைத் தேடுவோம். அவர் இசைத் தயாரிப்பாளர் ஒருவரைப் பிடித்து, அதே போன்ற தட்டை முறைப்படி செய்யச் சொன்னார். அந்தத் தயாரிப்பாளர் யாப் எக்கர்மான்ட், ஹேக் நகரின் இன்னொரு பெருங்குழுவான கோல்டன் இயரிங்கில் ஒருகாலத்தில் டிரம் வாசித்தவர். அப்படிப் பிறந்ததுதான் ‘ஸ்டார்ஸ் ஆன் 45’. பெரும்பாலும் பீட்டில்ஸ் பாடல்களை அவர்களின் குரல்போலவே டச்சுப் பாடகர்கள் பாடிய அந்தத் தொகுப்பில் ‘வீனஸ்’ தொடக்கமும் வரும். 1981 ஜூனில் அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. உள்ளே இருக்கும் பாட்டுகளை எல்லாம் தலைப்பிலேயே அடுக்க வேண்டியிருந்ததால், முதலிடம் பெற்றவற்றில் அவ்வளவு நீளத் தலைப்பு அதுவரை இருந்ததில்லை.

பிறகு 1986. லண்டனின் பனானராமா பெண்கள் மூவரும், ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மேன் தயாரிப்பில், ‘வீனஸ்’ பாட்டைப் பாட, செப்டம்பரில் மறுபடி அமெரிக்காவில் முதலிடம். 1970, 1981, 1986 என்று மூன்று முறை, மூன்று வெவ்வேறு காலத்து ஒலியில், அந்த ஒரே தொடக்கம் அந்த உச்சிக்கு ஏறியிருக்கிறது. பிரிட்டனில் மட்டும், ஷாக்கிங் ப்ளூவும் பனானராமாவும் அதே பாட்டோடு எட்டாம் இடத்தில் நின்றுவிட்டார்கள், பேசி வைத்துக்கொண்டதுபோல.

அதன் பின் அந்தப் பாட்டு பெண்களுக்கான சவரக்கத்தி விளம்பரத்துக்குப் போனதையும், 2020இல் சதுரங்கத் தொடரான ‘தி குயின்ஸ் கேம்பிட்’ நாயகி குடித்துவிட்டு ஆடும் காட்சிக்கு வந்ததையும் சொல்ல வேண்டியதில்லை.

16 பிப்ரவரி, காலை 6.40

‘கோல்டன் இயரிங் அல்லவா பெரிய குழு?’ ஆம், பெரிய குழு. அரை நூற்றாண்டுக்கும் மேல் மேடையில் நின்றவர்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

20 பிப்ரவரி, இரவு 11.00

இத்தனை நாளும் வான் லேவனைப் பற்றியே எழுதியிருக்கிறேன். பாடியவரை ஓரிரு வரிகளில் கடந்துவிட்டேன். இது எனக்கே உறுத்துகிறது.

குழுவின் முதல் பாடகர் ஒரு ஆண், ஃப்ரெட் டி வில்ட். 1968இல் மரிஸ்கா வெரெஸ் வந்த பிறகுதான் நாம் அறிந்த ஷாக்கிங் ப்ளூ தொடங்குகிறது. தந்தை லாயோஷ் வெரெஸ், ஹங்கேரிய ரோமா வயலின் கலைஞர். ‘செண்ட் மீ எ போஸ்ட்கார்ட்’ பாட்டை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். மேலே ஏறும்போது அவர் குரலை மெலிய விடுவதில்லை. கீழிருந்த கனத்தோடு அப்படியே தூக்கிக்கொண்டு போகிறார். கரிய பொய்முடி, கண்ணைச் சுற்றி அடர்த்தியான மை என்று அவரை ஒரு படமாக்கி வைத்த பத்திரிகைகள், அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதாகத் தெரியவில்லை. குழு கலைந்த பிறகு, 1993இல் ஜாஸ் கலைஞர்களோடு ஒரு தொகுப்புப் பாடினார். 2006 டிசம்பரில், 59 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

இப்போது என் வாதத்தில் ஒரு ஓட்டை தெரிகிறது. ‘பிறர் கை உடனே எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள்’ என்று 4ஆம் தேதி எழுதினேன். கித்தார் தொடக்கத்தையும் பேஸ் சுற்றையும் எடுத்துக்கொண்டார்கள், சரி. மரிஸ்காவின் குரலை யார் எடுத்தார்கள்? பனானராமா மூவரும் சேர்ந்தே ஒரே சுருதியில் பாடினார்கள், கோபேன் கத்தினார். அந்தக் குரலுக்கு வாரிசு இல்லை. அப்படியானால் ஷாக்கிங் ப்ளூ முழுதாக எங்கும் போகவில்லை. எடுத்துப்போகக்கூடிய பாதி மட்டும் போயிருக்கிறது. கேள்வி கேட்டவருக்கு இந்த அளவு விட்டுக்கொடுக்கிறேன்.

2 மார்ச், மாலை 5.20

அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். பதினாறு வயது, கணினியில் இசை செய்கிறவன். ‘அட் ஹோம்’ தட்டில் ‘லவ் பஸ்’ ஓடியபோது அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்து, ‘மாமா, இது ப்ராடிஜி தானே?’ என்றான். ப்ராடிஜி என்ற பிரிட்டிஷ் மின்னிசைக் குழுவின் லியம் ஹவ்லெட் 2004இல் ‘ஃபீனிக்ஸ்’ பாட்டுக்காக இதிலிருந்து துண்டு எடுத்ததை அப்போதுதான் சேர்த்துக் கேட்டேன். விடுதியில் நான் நிர்வாணா என்று சொன்ன அதே முகம் அவனுக்கு. தட்டின் நடுவிலிருக்கும் தாளில் வான் லேவன் பெயரைக் காட்டினேன். படித்தான். பிறகு, ‘சரி, இந்த நடுவில் வருகிற சிதாரைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியுமா?’ என்று தன் வேலைக்குப் போய்விட்டான்.

3 மார்ச், இரவு 10.30

அவன் கேட்டதால் நானும் அந்த நடுப்பகுதியை இன்று உட்கார்ந்து கேட்டேன். நிர்வாணா அதை விட்டுவிட்டது; அந்த இடத்தில் கித்தாரை ஒலிபெருக்கியின் முன் பிடித்து அலறவிட்டார்கள். வரிகளிலும் முதல் சரணத்தோடு நிறுத்திக்கொண்டு அதையே திரும்பப் பாடினார் கோபேன். ஆகவே இருபது ஆண்டுகளாக நான் வாசித்துவரும் ‘லவ் பஸ்’ பாதிப் பாட்டு. இப்போது சிதார் பகுதியைப் பேஸில் வாசிக்க முயன்றுகொண்டிருக்கிறேன். தந்தியை இழுத்து வளைக்க வேண்டிய இடங்களில் என் தந்தி கனமாக இருப்பதால் அரைச் சுரம்கூட ஏறமாட்டேன் என்கிறது. மெல்லிய தந்தி மாட்டிப் பார்த்தவர்கள், அல்லது கழுத்தில் ஃப்ரெட் கம்பிகள் இல்லாத பேஸில் வழுக்கி வாசித்துப் பார்த்தவர்கள் இருந்தால், எந்தக் கட்டையில் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள்.